கறி ஆறிப்போன நாள்

என் கொழுந்தன் டிலேக் எங்கள் மேய்ச்சல் மலைக்கு வந்து இறங்கியபோது அவன் கையில் துணிப்பை ஒன்று, மாத்திரைப் பை ஒன்று. மாத்திரைப் பைதான் பெரிதாக இருந்தது. "என்னப்பா, பிஷ்கெக்குல உனக்கு யாரும் சோறு போடறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்வான், அதுதான் எங்கள் வழக்கம். நான் இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே, "எங்க அண்ணி ஒரு குரல் விட்டா பக்கத்து மலை ஆடெல்லாம் எழுந்து வந்துடும்" என்று சூசாமிர்ப் பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லிவைத்தவன் அவன். என் குரல் அப்படித்தான். அதற்கு நான் என்ன செய்ய?

அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, எங்கே போகவேண்டும் என்று தெரியாதவன் மாதிரி காரின் பக்கத்திலேயே நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு.

அவனைக் கொண்டுவந்து விட்டவள் அவன் மனைவி ஜிபெக். குழந்தைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள், உடனே திரும்பவேண்டும். என்னைக் காருக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"அக்கா, அவர் ஒழுங்காத் தூங்கி மாசக்கணக்காச்சு. படுப்பார், ஆனா கண்ணை மூட மாட்டார். எங்கிட்ட பேசறதும் இல்ல. கேட்டா 'ம்', கேட்காட்டி அதுவும் இல்ல."

டிலேக்குக்கு ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போனை எடுக்கும் வேலை. யாருக்கோ நெஞ்சுவலி, யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டார், யார் வீட்டிலோ குழந்தை மூச்சுவிடவில்லை. எல்லா அலறலும் அவன் காது வழியாகத்தான் போகும். விலாசம் கேட்டு வண்டியை அனுப்புவான். அதற்குப் பிறகு அந்த ஆள் பிழைத்தாரா என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த போன் அடிக்கும்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"மாத்திரையை விடக்கூடாது. நல்ல ஓய்வு வேணும். வெளியில காத்து வெளிச்சத்துல இருக்கணும், உடம்பு அசையணும்னாங்க. கோடைக்குள்ள தேறலேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துக்கறோம்னாங்க." அவள் குரல் இறங்கியது. "ஒரு நாள் எங்க ஏழாவது மாடி பால்கனியில ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தார் அக்கா. கூப்பிட்டேன், திரும்பல. அன்னையிலேருந்து அந்தக் கதவுச் சாவி என் கைப்பையிலதான் இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட பேசற மனுஷனா அவரைத் திருப்பி அனுப்புங்க. வேற எதுவும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு காரில் ஏறினாள்.

நான் கேட்டதை அப்படியே என் வீட்டுக்காரர் பெக்டுரிடம் சொன்னேன். இவ்வளவு பேச்சில் அவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. ஓய்வு. எங்கள் ஆட்களுக்கு ஓய்வு என்றால் விருந்து என்று அர்த்தம். வந்தவன் கூடப்பிறந்த தம்பியாகவே இருக்கட்டும், இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறானே, விருந்தாளிதான். விருந்தாளிக்கு எங்கள் வட்டக் கம்பளிக் கூடாரத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. வாசலுக்கு நேர் எதிரே, பெட்டிகளையும் மெத்தைகளையும் அடுக்கிவைத்திருக்கும் சுவரில் சாய்ந்தபடி, உள்ளே ஆழமாக இருக்கும் மேலிடம். அங்கே உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது. விறகைத் தொடக் கூடாது. தண்ணீர்க் குடத்தைப் பார்க்கக்கூடக் கூடாது. தனியாக விடவும் கூடாது, ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு அசிங்கம்.

பெக்டுர் அன்றே ஆடு வெட்டினார். தலை டிலேக்குக்கு. கொழுப்பு வால் டிலேக்குக்கு. புளித்த குதிரைப்பாலான குமிஸ் கிண்ணம் கிண்ணமாக டிலேக்குக்கு. மறுநாள் பக்கத்துக் கூடாரத்துக்காரர் அழைத்தார், அங்கே ஒரு ஆடு. அதற்கடுத்த நாள் ஓடைக்கு அந்தப் பக்கத்தார், அங்கே ஒன்று. போகிற இடமெல்லாம் அதே மேலிடம், அதே தலை, அதே கேள்விகள்.

"சம்பளம் எவ்வளவு வருது?"

"ஏன்பா வாயைத் திறக்க மாட்டேங்கறே? யாராவது செய்வினை வச்சுட்டாங்களா?"

"சாப்பிடு, சாப்பிடு. சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்."

அவன் சாப்பிட்டான். கேட்டதற்கு 'ம்' என்றான். எங்களைச் சுற்றி அத்தனை மலை, பனி உருகி ஓடும் அத்தனை ஓடை, புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அவன் கண்ட இயற்கை எங்கள் கூடாரத்துக்கும் கழிப்பிடத்துக்கும் நடுவில் இருக்கிற பாதைதான். பட்டணத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனை இங்கே கொண்டுவந்து கம்பளிச் சுவரின் முன்னால் உட்காரவைத்திருந்தோம். இதில் என் பங்கும் குறைச்சல் இல்லை. என் கையால் பொரித்த மாவுத்துண்டுகளை, போர்சோக்கை, குவித்துவைத்து, "இன்னும் எடு, இன்னும் எடு" என்று அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையில் போனுக்கு சிக்னல் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று, கூடாரத்துக்கு மேலே ஒரு பாறை. நான் ஏறி நின்று ஜிபெக்கைக் கூப்பிடுவேன்.

"பேசினாரா அக்கா?"

"இல்லம்மா."

"தூங்கினாரா?"

"இல்ல."

ராத்திரி திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அவன் கண்கள் கூரை வளையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். பெக்டுரிடம் சொன்னேன். "கொழுத்த ஆடா பார்த்து வெட்டணும்போல இருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டை விட்டுவிட்டு இவரை வெட்டலாமா என்றிருந்தது.

ஆத்திரம் என்றால் எனக்குப் பஞ்சமே இல்லை. கடைசியில் அதுதான் உதவியது.

ஒரு காலையில் பெக்டுர் வழிதவறிய கிடேரியைத் தேடிக் கீழே போயிருந்தார். கறக்கும்போது குதிரைக் குட்டிகளைப் பிடித்துக்கொள்ளும் எங்கள் மகளும் அன்று அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்குதிரையிடம் பால் கறப்பது மாட்டிடம் கறப்பது மாதிரி இல்லை. குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பிறகு இழுத்து, தாயின் கண்ணெதிரே ஒருவர் பிடித்து நிற்கவேண்டும். குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் தாய் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். பகல் முழுக்க, ஒரு கறவை முடிந்தால் கொஞ்ச நேரத்தில் அடுத்த கறவை. நான் ஒற்றை ஆளாய் ஒரு கையில் குட்டி, ஒரு கையில் வாளி, தொடையில் ஒரு உதை, மூஞ்சியெல்லாம் பால். நிமிர்ந்து பார்த்தால் டிலேக் கூடார வாசலில் நின்று வெறித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறே? நான் என்ன கூத்தா ஆடறேன்? வந்து குட்டியைப் பிடிடா!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. விருந்தாளியை வேலை ஏவிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இதைவிட வீட்டுக்காரியை நாறடிக்கிற காரியம் கிடையாது. ஆனால் டிலேக் வந்தான். மெதுவாக வந்து குட்டியின் கழுத்தை அணைத்துப் பிடித்தான். குட்டி துள்ளியது, அவன் காலை மிதித்தது, அவன் விடவில்லை. அது மூக்கை அவன் கக்கத்தில் நுழைத்துக்கொண்டு நின்றது. நான் கறந்தேன். அடுத்த குதிரைக்கு நான் கூப்பிடவேண்டி வரவில்லை.

மத்தியானம் திரும்பிவந்த பெக்டுர் இதைக் கண்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"உனக்கு மூளை இருக்கா? வந்தவனை வேலை வாங்கறியே! நாலு பேர் பார்த்தா என் மானம் என்ன ஆகறது?"

"உங்க மானத்தைக் கம்பளியில சுத்தி மேலிடத்துல உட்கார வச்சுக்கோங்க. டாக்டர் என்ன சொன்னாங்க? வெளியில இருக்கணும், உடம்பு அசையணும்னாங்க. நாம என்ன பண்ணிட்டிருக்கோம்? கல்யாணத்துக்கு வளர்க்கற கிடா மாதிரி கொழுக்க வச்சுட்டிருக்கோம்" என்று கத்தினேன்.

அவர் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் காலையில் டிலேக் தானாகவே எழுந்துபோய்க் குட்டிகள் கட்டியிருக்கும் கயிற்றின் பக்கத்தில் நின்றபோது, அவர் தன் பழைய பூட்சைத் தம்பி முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்.

அதிலிருந்து நாள் முழுக்க அவன் வெளியில்தான். மூக்கு வெயிலில் உரிந்தது. கையில் கயிறு அறுத்த தழும்பு. மாத்திரையை நேரம் தவறாமல் நானே கொடுத்தேன், கூடவே நான் அவனை விரட்டிக்கொண்டும் இருந்தேன். ஆனால் பேச்சும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. சில சமயம் எனக்கே அலுத்துப்போகும். மலைக்கு என்ன வைத்தியம் தெரியும்? ஒவ்வொரு கோடையும் நான் இங்கேதானே கிடக்கிறேன், என் கோபம் குறைந்ததா?

இந்த நேரத்தில்தான் கல்முர்சா பெரியவர் ஆள் அனுப்பினார். பள்ளத்தாக்கிலேயே மூத்தவர், என் மாமனாரின் தோழர். "உங்க தம்பியை நான் இன்னும் கூப்பிடல. நாளைக்கு மத்தியானம் என் கூடாரத்துல கறி" என்று சொல்லியனுப்பினார். இதை மறுப்பதும் அவர் தாடியைப் பிடித்து இழுப்பதும் ஒன்று. பெக்டுர் உடனே சரியென்றுவிட்டார்.

மறுநாள் காலை கறவைக்குப் பிறகு டிலேக் முதல்முறையாகத் தானே குதிரைகளை மேல்சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். "மத்தியானத்துக்குள்ள வந்துடு, பெரியவர் வீட்டுல கறி" என்று கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டினான்.

மத்தியானம் ஆயிற்று, அவன் வரவில்லை. குதிரைகள் மட்டும் குட்டிகளைத் தேடி இறங்கி வந்துவிட்டன. கல்முர்சா வீட்டுப் புகை அடங்கிவிட்டது, அப்படியென்றால் கறி வெந்துவிட்டது. விருந்தாளி வராமல் யாரும் கறியில் கைவைக்க மாட்டார்கள். பெக்டுர் சுத்தமான தொப்பியைப் போட்டுக்கொண்டு தவித்தார்.

"நீங்க முன்னால போய் உட்காருங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

குதிரை வந்துவிட்டது, ஆள் வரவில்லை. மேல்சரிவுக்கு அந்தப் பக்கம் செங்குத்தான பள்ளம். ஜிபெக்கின் கைப்பையில் இருக்கும் சாவிதான் நினைவுக்கு வந்தது. பால்கனிக்குப் பூட்டுப் போடலாம், மலைக்கு யார் பூட்டுப் போடுவது? அவனைத் தனியாக அனுப்பியது நான்தான். வழியெல்லாம் தெரிந்த பிரார்த்தனையெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கூப்பிடவும் இல்லை.

முகட்டை எட்டியதும் பார்த்தேன். புல்லில் மல்லாந்து கிடந்தான். ஒரு கை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். அசைவே இல்லை.

அப்புறம் குறட்டை கேட்டது.

குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. வாயைப் பிளந்துகொண்டு, எச்சில் காதுவரை வழிய, ஒரு பூச்சி மூக்கின் மேல் நடப்பது தெரியாமல் தூங்கினான். நான் அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். வாயில் தலைத்துணியைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

அழுகை அடங்கியதும் கல்முர்சா ஞாபகம் வந்தார். இவனை எழுப்பவேண்டும். தோளைத் தொடக் கையை நீட்டினேன். கீழே அவர் கூடாரம் கை அளவு தெரிந்தது. பள்ளத்தாக்கின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அதற்குள் வட்டமாக உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருக்கும் கறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் நெளிந்துகொண்டிருப்பார். இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

சொல்லிக்காட்டட்டும். நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

வெயில் அவன் முகத்துக்கு நகர்ந்தபோது நானும் நகர்ந்து என் நிழலை அவன்மேல் போட்டேன். என் உடம்பின் அகலம் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. காற்று புல்லைச் சாய்த்துச் சாய்த்து விட்டுக்கொண்டிருந்தது. எங்கேயோ ஓடைச் சத்தம், கொழுத்த மலை அணிலான மர்மோட் ஒன்றின் விசில். அவற்றில் எதற்கும் யாரும் வண்டி அனுப்பவேண்டியதில்லை. எனக்கு இருமல் வந்தது, அடக்கினேன். கீழே பெக்டுர் வெளியே வந்து மலையைப் பார்த்துக் கையை ஆட்டினார், நான் பதில் குரல் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே இல்லை.

நிழல் நீள ஆரம்பித்தபோது டிலேக் கண்ணைத் திறந்தான். வானத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். யோசித்தான்.

"அண்ணி, நீங்க எப்போ வந்தீங்க?"

"ரொம்ப நேரமாச்சு."

"ரொம்ப நேரமாவா? சத்தமே கேட்கலியே." எழுந்து உட்கார்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான். "இவ்வளவு நேரம் சும்மாவா உட்கார்ந்திருந்தீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சிரிப்பதா அழுவதா தெரியாமல் தலைத்துணியால் அவனை நாலு சாத்து சாத்தினேன். "எழுந்திருடா தடியா. உன்னால ஊரே பட்டினி கிடக்கு."

கல்முர்சா கூடாரத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கறித் தட்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. பெக்டுர் என்னை எரித்துவிடுவது மாதிரி பார்த்தார். பெரியவர் மட்டும் எழுந்து, மேலிடத்தில் தன் பக்கத்தில் விரித்திருந்த மெத்தையைக் காட்டினார்.

"வா. உன் இடம் காலியா இருக்கு. தலையும் ஆறிப்போய்க் காத்துக்கிட்டிருக்கு."

டிலேக் போகவில்லை. வாசலை ஒட்டி, மருமகள்களும் சின்னவர்களும் உட்காரும் இடத்தில், திறந்த கதவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அங்கேயிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும்.

"மன்னிச்சுக்கோங்க, பெரியப்பா. மேல படுத்தேன், தூங்கிட்டேன். அண்ணி எழுப்பல" என்றான். குரல் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை. "அந்த இடம் எனக்கு வேண்டாம். நான் விருந்தாளி இல்ல. இங்கேயே இருந்துக்கறேன், வெளிய தெரியுது."

பெரியவர் கொடுத்த இடத்தை மறுப்பது நாங்கள் கேள்விப்படாத விஷயம். கல்முர்சா தாடியைத் தடவிக்கொண்டு அவனையே பார்த்தார். அவன் உரிந்த மூக்கையும், கையில் இருந்த கயிற்றுத் தழும்பையும், சட்டையில் ஒட்டியிருந்த புல்லையும் பார்த்தார்.

"விருந்தாளி இல்லேங்கறியா?"

"இல்ல, பெரியப்பா."

"அப்படின்னா என்ன உட்கார்ந்துட்டிருக்கே? எழுந்து எல்லாருக்கும் கைக்குத் தண்ணி ஊத்து. பசி உயிர் போகுது."

வீட்டில் கடைசிப் பையன் செய்கிற வேலை அது. டிலேக் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். கூடாரம் முழுக்க ஒரே சிரிப்பு. ஆறிப்போன கறியை அவ்வளவு ருசித்து நான் சாப்பிட்டதில்லை.

எல்லாம் அன்றோடு தீர்ந்துபோயிற்று என்று சொன்னால் பொய். நடுவில் மறுபடி தூங்காத ராத்திரிகள் வந்தன. மாத்திரையும் டாக்டரும் இன்றைக்கும் உண்டு. ஆனால் மறுநாள் காலை நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

நான் கறந்துகொண்டிருந்தேன், பெக்டுர் குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். டிலேக்கைக் காணோம். தேடினால், மேலே போன் எடுக்கும் பாறைமேல் நிற்கிறான். நாங்கள் யாரும் போகச் சொல்லவில்லை.

"ஜிபெக்! கேக்குதா? நான்தான்... இல்ல, ஒண்ணும் ஆகல. சும்மாதான் கூப்பிட்டேன். ஏன் அழறே? இங்க ஒரு குட்டி இருக்கு, நெத்தியில வெள்ளை, சரியான திருட்டுக் குட்டி, நேத்து என் தொப்பியைத் தின்னப் பார்த்துச்சு... நீ கேளேன்..."

அந்தக் குட்டியைப் பற்றி அப்படி என்னதான் இருக்கிறதோ. முதல் குதிரையைக் கறந்து முடித்தேன், இரண்டாவதையும் முடித்தேன், அவன் நிறுத்துகிற வழியாக இல்லை. பாறைமேல் நின்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தான். பெக்டுர் குட்டியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

நான் வாளியைக் கீழே வைத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, நேற்றெல்லாம் அடக்கிவைத்திருந்த குரலை மொத்தமாக எடுத்துவிட்டேன்.

"டேய்! மெதுவாப் பேசுடா! பக்கத்து மலை ஆடெல்லாம் எழுந்து வருது!"